குத்துப்பட்டவருக்கே பில்: இரு துறைச் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர், தொழிலாளர் நலத் துறைச் செயலாளர் ஆகிய இருவருக்கும்,

பணியில் இருக்கும்போது ஊசி குத்திவிட்டால் ரத்தப் பரிசோதனைக்கான கட்டணம் ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கப்படும். 'கவனக்குறைவு இல்லை' என்று சூப்பர்வைசர் எழுதித் தந்தால் மட்டும் திருப்பித் தரப்படும். ஓய்வெடுக்கும் நாட்கள் சம்பளமில்லா விடுப்பு. ஒரு தனியார் மருத்துவமனையின் பணியாளர் அறையில் ஒட்டப்பட்ட சுற்றறிக்கையின் சாரம் இது. மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால், காகிதத்தில் எழுதாமல் இதையே செய்துகொண்டிருக்கும் மற்றவை தப்பித்துவிடும்.

மருத்துவமனைத் தொழிலாளர்களுக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கோரிக்கைகளும் இழப்பீட்டு மனுக்களும் எழுதித் தருகிறவர்கள் நாங்கள். ஹவுஸ்கீப்பிங் பெண்கள், ஸ்டாஃப் நர்ஸ்கள், லேப் டெக்னீஷியன்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள், சலவைப் பிரிவினர் என்று வருகிற எல்லோருடைய கோப்பிலும் ஒரே ஓட்டை இருக்கிறது. காயம் நடந்த அன்று எழுதியிருக்க வேண்டிய காகிதம் எழுதப்படவில்லை. அந்த ஒரு காகிதம் இல்லாததால் மருத்துவமனை கொடுக்க வேண்டிய பணமும், ஈ.எஸ்.ஐ. கொடுக்க வேண்டிய பணமும் தொழிலாளியின் நகைக்கடனாகவும் குழுக்கடனாகவும் மாறுகின்றன.

ஊசிக்குத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். நர்ஸுக்குக் குத்துவது பெரும்பாலும் மூடியைத் திரும்பப் போடும்போதும், அசையும் நோயாளிக்கு ஐ.வி. போடும்போதும். ஹவுஸ்கீப்பிங் பெண்ணுக்குக் குத்துவது வேறு விதம்: போர்வைக்குள் விட்டுவிட்ட ஊசி, பிளாஸ்டிக் பைக்குள் போட்ட ஊசி, முக்கால் அளவு தாண்டியும் மாற்றாமல் திணித்த டப்பா. உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016, கூர்முனைக் கழிவுக்குத் துளைக்க முடியாத வெள்ளை டப்பா வேண்டும் என்கின்றன. அந்த டப்பாவில் காசு மிச்சம் பிடிக்கக் காலித் தண்ணீர் கேன் வைக்கும் இடங்கள் இன்றும் இருக்கின்றன. பைக்குள்ளிருந்து குத்திய ஊசி எந்த நோயாளியுடையது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே நோயாளியின் ரத்தத்தைச் சோதித்து 'பயமில்லை, போ' என்று சொல்லவும் வழியில்லை. ஆபத்து அதிகம், சம்பளம் குறைவு, ஆதாரம் சுத்தமாக இல்லை: மூன்றும் ஒரே ஆளுக்கு.

குத்திய பின் நடக்க வேண்டியவை மருத்துவமனைகளுக்குத் தெரியாதவை அல்ல. காயத்தைப் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவ வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவராக இருந்தால் உடனடிப் பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலின் ஊசி, கூடவே தடுப்பூசியின் முதல் டோஸ். தடுப்பு இல்லாத ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு, நோயாளியின் நிலையைப் பொறுத்து 6 முதல் 30 சதவீதம் வரை, எச்.ஐ.வி.க்கு அது 0.3 சதவீதம்தான். எச்.ஐ.வி.க்குப் பயப்படுகிற அளவுக்கு இதற்கு யாரும் பயப்படுவதில்லை என்பது தனிக் கவலை.

இம்யூனோகுளோபுலினின் அளவு கிலோவுக்கு 0.06 மில்லி. 60 கிலோ எடையுள்ளவருக்கு 3.6 மில்லி. மருந்துக் கடையில் அதற்கான தொகை ஆயிரங்களில் போகும். 0, 1, 6 மாதங்களில் மூன்று தடுப்பூசி போட்டு, கடைசி டோஸுக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவு 10-க்கு மேல் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்து வைத்திருந்தால் இந்த ஊசியே தேவைப்படாது. தடுப்பூசிக்கு ஆகும் செலவு இதில் ஒரு சிறு பங்கு. கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவது அதே 2016 விதிகளின்படி மருத்துவமனையின் பொறுப்பு. வேலைக்குச் சேரும்போதும் வருடத்துக்கு ஒருமுறையும் உடல் பரிசோதனை செய்வதும் அப்படித்தான். போடாமல் விட்டது நிர்வாகம். குத்திய பிறகு பில் போவது தொழிலாளிக்கு. இதற்குக் 'கவனக்குறைவு' என்று பெயர் வைத்தால், யாருடைய கவனக்குறைவு என்று நீங்கள் கேட்க வேண்டாமா?

எச்.ஐ.வி. தடுப்பு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம் என்று பதில் வரும். மருந்து இலவசம்தான். ஆனால் முதல் நாள், ஆறாவது வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்று சோதனைக்குப் போக வேண்டும்; எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையம் காலையில், வேலை நாளில் திறந்திருக்கும். போகிற ஒவ்வொரு முறையும் ஒரு ஷிஃப்ட் சம்பளம் போகும். மருந்தால் குமட்டலும் தூக்கமின்மையும் வந்தால் இன்னும் சில நாள். இத்தனைக்கும், எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017, பணியில் தொற்று அபாயம் உள்ள எல்லோருக்கும் பாதுகாப்புச் சாதனம், பயிற்சி, தடுப்பு மருந்து மூன்றையும் அந்த நிறுவனமே தர வேண்டும் என்கிறது. 'போய் ஜி.எச்.சில் வாங்கிக்கொள்' என்று அனுப்புவது அந்தக் கடமையை நிறைவேற்றியதாகாது.

இனி அந்தக் காகிதத்துக்கு வருவோம். ஈ.எஸ்.ஐ.யில் உள்ள தொழிலாளிக்குக் காயம் என்றால், நிர்வாகம் விபத்துப் பதிவேட்டில் (படிவம் 11) எழுதி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் விபத்து அறிக்கையை (படிவம் 12) அனுப்ப வேண்டும். ஊசிக்குத்துக்கு இது பெரும்பாலும் போவதே இல்லை. 'ஒரு துளி ரத்தம்தானே, லீவுகூடப் போடவில்லையே, எதற்கு அறிக்கை?' என்பார்கள். விபத்து நடந்த நாளை விட்டு மூன்று நாளாவது வேலை செய்ய முடியாமல் இருந்தால்தான் பணப்பலன் என்பதால், அன்றைய கணக்கில் தொழிலாளிக்கும் நஷ்டம் தெரியாது. ஆனால் ஊசிக்குத்துக்கான அறிக்கை அன்றைக்கு அல்ல, ஆறு மாதத்துக்குப் பிறகு தேவைப்படுவது. ஹெபடைடிஸ் பி வெளிப்பட ஒரு மாதமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். மஞ்சள் காமாலையோடு வரும்போது 'இது முன்பே உனக்கு இருந்திருக்கும்' என்று சொல்லிவிட்டால் மறுக்க இரண்டே சான்றுகள்தான்: அன்றைய விபத்து அறிக்கை, அன்றே எடுத்த ரத்தத்தில் தொற்று இல்லை என்ற முடிவு. இரண்டும் நிர்வாகத்தின் கையில். இரண்டும் இல்லாவிட்டால் எங்கள் மனு முதல் விசாரணையிலேயே நொண்டும்.

தேசியத் தர அங்கீகாரமான என்.ஏ.பி.எச். பெற்ற மருத்துவமனைகள் ஊசிக்குத்து எத்தனை என்று தரக் குறியீடாக எண்ணி வைக்கின்றன. சான்றிதழுக்குக் காட்ட எண்ணிக்கை உண்டு, ஈ.எஸ்.ஐ.க்கு அனுப்பப் படிவம் இல்லை.

பணத்தில் இது என்ன ஆகிறது என்று பாருங்கள். மாதம் 12,000 ரூபாய் வாங்கும் ஹவுஸ்கீப்பிங் தொழிலாளி ஒருவருக்கு வார்டில் காசநோய் தொற்றி 180 நாள் வேலைக்குப் போக முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் கூலி 400. பணியில் ஏற்பட்ட பாதிப்பு என்று ஏற்றால் ஈ.எஸ்.ஐ. 90 சதவீதம் தரும்: நாளுக்கு 360, மொத்தம் 64,800. இயலாமை நீடிக்கும் வரை கிடைக்கும். இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. சாதாரண நோய் என்று பதிந்தால் 70 சதவீதம்: நாளுக்கு 280, அதுவும் வருடத்துக்கு 91 நாள்தான், மொத்தம் 25,480. வித்தியாசம் 39,320 ரூபாய், மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேல். காசநோய்க்கு 80 சதவீத நீட்டிப்புப் பலன் உண்டே என்றால், அதற்கு இரண்டு வருடத் தொடர் வேலை காட்ட வேண்டும். வருடாவருடம் கான்ட்ராக்ட்காரர் மாறி, ஒவ்வொரு முறையும் புதிய ஆள் மாதிரி சேர்க்கப்படும் பெண் அதை எங்கிருந்து காட்டுவார்?

சுகாதாரப் பணியிலும் ஆய்வகப் பணியிலும் தொற்றும் நோய்கள் தொழில்சார் நோய்ப் பட்டியலின் முதல் வரியிலேயே இருக்கின்றன. 1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலும் இருந்தன, ஈ.எஸ்.ஐ. சட்டத்திலும் இருந்தன. 2025 நவம்பர் 21 முதல் இரண்டும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டன. பிரிவு எண் மாறிவிட்டது என்பதைச் சாக்காக வைத்து மனுக்களைக் கிடப்பில் போடும் வேலை இனி நடக்கும் என்று அஞ்சுகிறோம். அதற்கும் சேர்த்தே இந்த மடல். வார்டில் இருமும் நோயாளிக்கு ஆறு மணி நேரம் பக்கத்தில் நிற்கும் நர்ஸுக்கு வந்த காசநோயை 'வீட்டில் யாருக்காவது இருந்திருக்கும்' என்று தள்ளிவிடுவது இன்று வழக்கமாக இருக்கிறது. அவர் எந்த மாதம் எந்த வார்டில் வேலை செய்தார் என்ற டியூட்டி ரோஸ்டர் ஒன்று போதும், நிலவரம் தெரிந்துவிடும். கேட்டால் தரமாட்டார்கள்.

முதுகு விஷயம் இதைவிட மோசம். ரத்தம் வராத காயம் என்பதால் யாரும் அதை விபத்தாகவே எண்ணுவதில்லை. அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், நோயாளியைக் கையாளும்போது ஒருவர் தாங்கக்கூடிய எடை 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோ என்கிறது. 70 கிலோ நோயாளியைக் கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு இரண்டு பேர் மாற்றினால் ஆளுக்கு 35 கிலோ. இரவுப் பணியில் அந்த இரண்டாவது ஆளும் பல இடங்களில் கிடையாது, நோயாளியின் உறவினரைத்தான் 'ஒரு கை பிடியுங்கள்' என்று கூப்பிடுகிறார்கள். வழுக்கு விரிப்பும் மாற்றுப் பலகையும் இருந்தால் தூக்கவே வேண்டாம், இழுத்தால் போதும். அவை விலை உயர்ந்த இயந்திரங்கள் அல்ல. வாங்கி அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் இடங்களும் உண்டு, சாவி இன்சார்ஜிடம்.

முதுகுக் கோரிக்கை தோற்பதற்குக் காரணம் எப்போதும் ஒன்றே. 'மடக்'கென்று ஒரு வலி வந்த அன்று மாத்திரை போட்டு ஷிஃப்டை முடித்துவிடுவார்கள். வலி காலுக்கு இறங்கிய பிறகு, சில வாரம் கழித்து, எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். ஸ்கேன் அறிக்கையில் 'தேய்மானம்' என்ற சொல் இருக்கும். முப்பது வயதைத் தாண்டிய பலரின் ஸ்கேனில் அது இருக்கும். அதைக் காட்டிக் கோரிக்கையை நிராகரிப்பார்கள். ஈ.எஸ்.ஐ. சட்டத்திலோ, வேலையின்போது நடந்த விபத்து வேலையால் நடந்ததாகவே கொள்ளப்படும், மறுப்புச் சான்று இருந்தாலொழிய என்ற அனுமானம் இருந்தது. ஆனால் 'விபத்து' நடந்தது என்பதற்கே ஒரு நாள், ஒரு நேரம் வேண்டுமே. தேதி, நேரம், கட்டில் எண், நோயாளியின் தோராய எடை, தூக்கியவர்கள் எத்தனை பேர், பார்த்தவர் யார்: இந்த ஆறும் பதிவேட்டில் ஒரு வரியாக இருந்திருந்தால் நிலைமை வேறு. எங்களிடம் வருகிறவர்களுக்கு இதை ஒரு தாளில் எழுதி வாட்ஸப்பில் நிர்வாகத்துக்கு அனுப்பிவிடச் சொல்கிறோம். நிர்வாகம் எழுதாதபோது அதுவாவது தேதியோடு நிற்கும்.

ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பவர்கள் நிலையை இரண்டு துறைகளும் பார்ப்பதே இல்லை. சம்பள வரம்பு 2017 ஜனவரி 1 முதல் 21,000 ரூபாய். அனுபவமுள்ள ஸ்டாஃப் நர்ஸ் 25,000 வாங்கத் தொடங்கியதும் சந்தாக் காலம் முடிகிறபோது வெளியே போய்விடுவார். அடுத்த நாள் காயம் பட்டால் மிச்சம், இப்போது சட்டத் தொகுப்புக்குள் போய்விட்ட இழப்பீட்டுச் சட்ட விதிகள்தான். அதில் கணக்குக்கு எடுக்கும் சம்பள உச்சவரம்பு 2020 ஜனவரி 3 அறிவிக்கையின்படி 15,000. வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு அரைமாதத்துக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் 25 சதவீதம், அதாவது 3,750. மாதம் 7,500. சம்பள உயர்வு கிடைத்த ஒரே குற்றத்துக்காக, 25,000 வாங்கியவர் காயம் பட்டதும் 7,500-க்கு இறங்குகிறார். 20,000 வாங்கி ஈ.எஸ்.ஐ.க்குள் இருப்பவருக்கோ மாதம் 18,000 கிடைக்கிறது. நிரந்தரப் பாதிப்பிலும் இதே கதைதான். முப்பது வயதில் 10 சதவீத வருமானத் திறன் இழப்பு என்றால், வயதுக் காரணி 207.98-ஐக் கொண்டு கணக்கிட, 15,000 வரம்பில் வருவது 1,87,182 ரூபாய். உண்மைச் சம்பளத்தில் கணக்கிட்டிருந்தால் 3,11,970. அதையும் கேட்டுப் போனால், சட்டத்தின் வேலைப் பட்டியலில் நர்ஸ் வருகிறாரா என்பதைத்தான் நிர்வாகத் தரப்பு முதலில் கிளப்பும்.

ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் 12 சதவீத வட்டி, நியாயமான காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதம் என்று அந்தச் சட்டத்தில் பல் இருந்தது. வட்டி போடுவார்கள். அபராதம் விதித்த உத்தரவு எங்கள் கைக்கு வருவது அபூர்வம்.

கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு இவை எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சுவர். மருத்துவமனை 'அவர் எங்கள் ஆள் இல்லை' என்கிறது, கான்ட்ராக்ட்காரர் 'சம்பவம் நடந்தது அவர்கள் இடத்தில்' என்கிறார். கான்ட்ராக்ட்காரர் மூலம் வந்த தொழிலாளிக்கும் சந்தா கட்டும் முதல் பொறுப்பு முதன்மை முதலாளியான மருத்துவமனையுடையது. பிறகு கான்ட்ராக்ட்காரரிடம் பிடித்துக்கொள்வது அவர்கள் பாடு. நடைமுறையில் ஐ.பி. நம்பர் (ஈ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்) மட்டும் இருக்கும், சில மாதச் சந்தா இருக்காது; அல்லது காயம் நடந்த மறுநாள்தான் பதிவே நடந்திருக்கும். ஒருவர் வராத நாளில் அவர் பெயரிலேயே தங்கையோ அண்டை வீட்டுப் பெண்ணோ வந்து வேலை செய்யும் வழக்கத்தை சூப்பர்வைசர்கள் அறிந்தே அனுமதிக்கிறார்கள். அன்று ஊசி குத்தினால், சட்டத்தின் கண்ணில் அங்கே அப்படி ஒருவர் இல்லவே இல்லை.

உங்கள் இரு துறைகளையும் சேர்த்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கழிவு விதிகளின்படி பெரிய விபத்து என்றால் 24 மணி நேரத்தில் தனி அறிக்கை. ஊசிக்குத்து பெரிய விபத்து அல்ல என்று விதியே சொல்லிவிட்டது. மற்ற விபத்துகள் ஜூன் 30-க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும் வருடாந்திர அறிக்கையில் (படிவம் 4) ஒரு எண்ணாக இடம்பெறும். ஆக ஒரே மருத்துவமனையின் ஊசிக்குத்து எண்ணிக்கை தர அங்கீகாரக் கோப்பில் ஒன்று, வாரியத்துக்கு அனுப்பியதில் ஒன்று, ஈ.எஸ்.ஐ.யில் ஒன்று என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்க முடியும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்றுவரை எந்த அதிகாரிக்கும் கடமை இல்லை.

எங்கள் கோரிக்கைகள் இவை.

ஊசிக்குத்து, ரத்தத் தெறிப்பு, நோயாளியைத் தூக்கும்போது வந்த காயம், நோயாளியோ உறவினரோ தாக்கியதால் வந்த காயம் எதற்கும் பரிசோதனை, மருந்து, தடுப்பூசிச் செலவை ஊழியரிடம் பிடிக்கக் கூடாது என்று மக்கள் நல்வாழ்வுத் துறை எழுத்தில் உத்தரவிட வேண்டும். தொடர் சோதனைக்குப் போகும் நாட்களைச் சம்பளத்துடன் கூடிய பணி நாளாகக் கொள்ள வேண்டும். இதற்கு மாறான சுற்றறிக்கைகளைத் திரும்பப் பெறச் செய்ய வேண்டும். ஏற்கெனவே பிடித்த தொகையைத் திருப்பித் தரச் சொல்ல வேண்டும்.

1997-ம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவுக்கும் புதுப்பிப்புக்கும் வரும் ஒவ்வொரு மருத்துவமனையிடமும், கான்ட்ராக்ட் ஆட்கள் உட்பட எல்லோருடைய ஹெபடைடிஸ் பி தடுப்பூசிப் பதிவையும் விபத்துப் பதிவேட்டையும் நலப்பணிகள் இணை இயக்குநர் கேட்டுப் பார்க்க வேண்டும். பதிவேடு வெறுமையாக இருந்தால் அங்கே விபத்தே நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நூறு படுக்கை உள்ள மருத்துவமனையில் ஒரு வருடத்தில் ஒரு ஊசிக்குத்துகூட இல்லை என்றால் எழுதவில்லை என்றுதான் பொருள்.

தொழிலாளர் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போன விபத்து எண்ணிக்கையையும் ஈ.எஸ்.ஐ. மண்டல அலுவலகத்துக்கு வந்த விபத்து அறிக்கைகளையும் வருடம் ஒருமுறை, ஜூலை மாதத்தில், மருத்துவமனை வாரியாக ஒப்பிட வேண்டும். எண்கள் பொருந்தாத இடங்களில் ஆய்வு நடத்த வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம், இரண்டு பட்டியல்கள் போதும்.

காசநோய், ஹெபடைடிஸ் போன்றவற்றோடு வரும் சுகாதாரப் பணியாளரின் கோரிக்கையை 'நோய்' என்று பதிவதற்கு முன் 'பணிசார் பாதிப்பா' என்று கேட்டே ஆக வேண்டும் என்று டிஸ்பென்சரி மருத்துவர்களுக்கு அறிவுறுத்துமாறு ஈ.எஸ்.ஐ. கழகத்துக்கு மாநில அரசு எழுத வேண்டும். டியூட்டி ரோஸ்டரின் நகலைக் கேட்ட ஏழு நாளுக்குள் தராத நிர்வாகத்துக்கு எதிராகவே முடிவெடுக்கலாம் என்றும் அதில் சேருங்கள். 15,000 உச்சவரம்பையும் 21,000 ஈ.எஸ்.ஐ. வரம்பையும் உயர்த்தக் கோரி ஒன்றிய அரசுக்கு அதே மடலில் எழுதலாம்.

அரசு மருத்துவமனைகளில் துப்புரவு, பாதுகாப்பு வேலைக்கு விடும் டெண்டரில், வேலையில் சேர்க்கும் அன்றே ஈ.எஸ்.ஐ. பதிவும் தடுப்பூசியின் முதல் டோஸும் முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்து, மாதாந்திரப் பில்லோடு சந்தா ரசீதை ஆள்வாரியாக இணைக்காவிட்டால் பில்லை நிறுத்தி வைக்க வேண்டும். தனியாரிடம் கேட்பதற்கு முன் அரசு தன் வளாகத்தில் இதைச் செய்து காட்டட்டும்.

இவற்றில் எவற்றைச் செய்ய முடியும், எவற்றைச் செய்ய முடியாது, முடியாதவற்றுக்குக் காரணம் என்ன என்பதை முப்பது நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்குமாறு இரு துறைகளையும் கேட்டுக்கொள்கிறோம். பதில் எதுவானாலும் அதைத் தாளில் அச்சிட்டு மருத்துவமனைப் பணியாளர் அறைகளுக்குக் கொண்டுபோவோம்.

இப்படிக்கு,
மருத்துவமனைத் தொழிலாளர்களுக்கு இழப்பீட்டு மனு எழுதித் தருபவர்கள்